தோலைக் கையால் தைக்கும்போது: எந்தக் குறைக்கு எங்கே பார்ப்பது

தையல் கோணிக்கொண்டு வந்துவிட்டது என்று யாராவது தோலை நீட்டினால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை துளைக்கு ஒருமுறை கோணுகிறது? பெரும்பாலும் பதில் வராது. தைத்தவர் குறையைப் பார்த்திருப்பார், எண்ணியிருக்க மாட்டார்.

ஒவ்வொரு தையலிலும் ஒரே குறை இருந்தால் அது கையின் ஒழுங்கிலோ துளையின் வடிவத்திலோ இருக்கிறது. நாலு துளைக்கோ ஆறு துளைக்கோ ஒருமுறை வந்தால் துளையிட்ட கருவியைப் பாருங்கள். அதன் பற்களை எண்ணினால் அதே நாலோ ஆறோ இருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக மோசமானால் நூலைச் சந்தேகியுங்கள், அல்லது தோல் அடுக்குகள் நழுவியிருக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்றால் அந்த நேரத்தில் வாசலில் யாரோ மணி அடித்திருப்பார்கள். அதற்குக் காரணம் தேட வேண்டாம். அந்த இரண்டு தையலை மட்டும் பிரித்துத் திரும்பத் தைத்தால் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் சேணத் தையலுக்கு. குதிரைச் சேணம் தைத்தவர்களின் முறை என்பதால் அந்தப் பெயர். ஒரே நூல், இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி. இரண்டு ஊசியும் ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகப் புகுந்து வெளிவரும். இயந்திரத் தையலில் மேல்நூலும் அடிநூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றது பிடிப்பில்லாமல் வரிசையாகக் கழன்றுவிடும். சேணத் தையலில் ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொண்டிருக்கும். தெருமுனையில் செருப்புத் தைப்பவர் கொக்கி வைத்த குத்தூசியால் நூலை வளையமாக இழுத்து, அதற்குள் மறுமுனையை நுழைத்துத் தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இயந்திரத் தையலுக்கு நெருங்கிய முறை. அவருடைய வேகத்தை இரண்டு ஊசியில் எட்டிப்பிடிக்க முயலாதீர்கள்.

வரிசையாகத் துளையிடும் கருவியைக் கடையில் ‘ஸ்டிச்சிங் சிசல்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். நான் பல்லுளி என்று எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, வங்கி அட்டைகளைச் செருகி வைக்கும் ஓர் அட்டை உறையை வைத்துக்கொள்வோம்: இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றும் 1.2 மி.மீ. தடிமன், துளைகளுக்கு இடையே 4 மி.மீ., ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தையல்வரி, 0.6 அல்லது 0.8 மி.மீ. மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல்.

முன்பக்கம் அழகாகச் சாய்கிறது. பின்பக்கம் நேர்கோடாக, அல்லது மேலும் கீழுமாக இருக்கிறது

சேணத் தையலில் இரு பக்கத்துத் தையலும் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். தொடங்கும் எல்லோருக்கும் வரும் குறை இது. இதற்கே நிறைய நேரம் செலவழிக்கலாம், தகும்.

முதலில் துளையைப் பாருங்கள். அது வட்டமாக இருந்தால் சாய்வு வராது. வட்டத் துளையில் நூல் தன் விருப்பப்படி எங்கே வேண்டுமானாலும் உட்காரும். சாய்வு வேண்டுமென்றால் துளையே சாய்ந்த கீறலாக இருக்க வேண்டும். ஒரு நூல் அந்தக் கீறலின் மேல்முனையிலும் மற்றது கீழ்முனையிலும் ஒதுங்கும்போதுதான் சாய்வு பிறக்கிறது. பெல்ட்டுக்கு ஓட்டை போடும் கருவியால் வரிசையாகக் குத்திவிட்டு, தையல் ஏன் சாயவில்லை என்று நானும் ஒரு மாதம் யோசித்தவன்.

துளை சரியென்றால் அடுத்தது கையின் வரிசை. தோலைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியில் நிறுத்தி, முன்பக்கம் வலப்புறம் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்க ஊசி முதலில் புகுந்து வலப்பக்கம் வரட்டும். அதே துளையில் வலப்பக்க ஊசி திரும்பிப் போகும்போது, ஏற்கெனவே துளைக்குள் இருக்கும் நூலுக்கு அப்புறமாக (உங்களிடமிருந்து தள்ளி) போகிறதா, இப்புறமாக (உங்கள் பக்கமாக) போகிறதா? விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது உங்கள் பல்லுளி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நீங்கள் உங்களை நோக்கித் தைக்கிறீர்களா விலகித் தைக்கிறீர்களா என்பதைப் பொறுத்து மாறும். அதனால் யாரிடமும் கேட்காதீர்கள். ஒரு துண்டுத் தோலில் பத்துத் தையல் அப்புறமாகவும் பத்துத் தையல் இப்புறமாகவும் தைத்துப் பாருங்கள். ஒன்று நன்றாக உட்காரும், மற்றது உட்காராது. நன்றாக வந்ததை அந்தத் துண்டின் மேலேயே எழுதி இடுக்கியில் கட்டித் தொங்கவிடுங்கள். காரணம் புரிந்துகொள்வதை விட இது வேகமானது.

அப்படியும் பின்பக்கம் நேராகவே இருந்தால் ஒரு சிறு முடிச்சு உதவும். வலப்பக்க ஊசியைத் துளைக்குள் நுழைக்கும்போது முதல் நூலைச் சற்றே பின்னுக்கு இழுங்கள். பின்பக்கத்தில் கொஞ்சம் தொய்வு கிடைக்கும். பின்பக்கம் எட்டிப் பார்க்கும் ஊசி முனையின் மேல் அந்தத் தொய்வை ஒருமுறை எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு ஊசியை உருவுங்கள். துளைக்குள் அரை முடிச்சு விழுந்து பின்பக்கத்து நூலைச் சாய்வுக்குத் தள்ளும். மெல்லிய தோலில் மட்டும் இதைத் தவிர்க்கலாம். முடிச்சுக்கு உள்ளே இடம் இல்லாமல் துளை புடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, இழுக்கும் திசை. ஒரு கை சற்று மேலாகவும் மறு கை சற்றுக் கீழாகவும் இழுத்தால் நூல் தன் முனைக்குப் போய் ஒதுங்கும். எல்லாத் தையலிலும் அதே கை மேலே, அதே கை கீழே.

வரியின் பாதி வரை சரி, அதன்பின் சாய்வு கெட்டுவிட்டது என்றால் நடந்தது வேறு. இடையில் தேநீருக்கு எழுந்திருப்பீர்கள். திரும்பி வந்து தோலைப் புறம் மாற்றி இடுக்கியில் பிடித்திருப்பீர்கள். என் இடுக்கியின் வலக் கன்னத்தில் பென்சிலால் ‘முன்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இடுக்கி இல்லாதவர்கள் இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே தோலை வைத்து முழங்கால்களால் நெருக்கிப் பிடித்தும் தைக்கலாம். இரு கையும் தைப்பதற்குக் காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் தேவை. ஒரு கையில் தோலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இரண்டு ஊசியையும் மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு விதமாக வருவதில் வியப்பில்லை.

பின்பக்கத்துத் துளைகள் வரியை விட்டு விலகிப் போகின்றன

முன்பக்கம் ஓரத்திலிருந்து சரியாக 3 மி.மீ.; திருப்பினால் ஓரிடத்தில் 2, ஓரிடத்தில் 4. பல்லுளி செங்குத்தாக நிற்கவில்லை. 10 பாகை சாய்ந்து இறங்கினால் 2.4 மி.மீ. தடிமனில் விலகல் 0.4 மி.மீ. சுமார், கண் மன்னித்துவிடும். அதே சாய்வில் 6 மி.மீ. தடிமனுள்ள பெல்ட்டையோ பை வாரையோ குத்தினால் விலகல் 1 மி.மீ.க்கு மேல் போகும். அட்டை உறையில் தெரியாத பழக்கம் பெல்ட்டில் அம்பலமாவது இதனால்தான்.

உளியை முன்னாலிருந்து பார்த்தால் அது எப்போதும் நேராகவே தெரியும். பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டம் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அதற்கு இணையாக உளியைப் பிடித்தால் ஒரே வாரத்தில் கை பழகிவிடும். விலகல் நாலு நாலு துளையாகக் கூட்டம் கூட்டமாக இருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு அடிக்கும் கை ஒவ்வொரு பக்கம் சாய்கிறது. எல்லாமே ஒரே பக்கம் விலகியிருந்தால் உங்கள் உட்காரும் நிலையைப் பாருங்கள். தோல் உங்கள் உடலுக்கு நேரே இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கும்.

குத்தி முடித்த துளைகளைத் திருத்த, பக்கத்தில் இன்னொரு துளை போடாதீர்கள். இரண்டு துளைக்கும் நடுவில் நிற்கும் தோல் நூலிழை அளவுக்குத்தான் இருக்கும். முதல் இழுப்பிலேயே கிழியும். நல்ல பக்கத்தை முன்பக்கமாக வைத்துக்கொண்டு தைத்துவிடுங்கள்.

சுத்தியலைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புச் சுத்தியல் உளியின் தலையைச் சிதைக்கும். மரக் கொட்டாப்புளியோ ரப்பர் சுத்தியலோ போதும். அடியில் கல்லை வைத்தால் பற்கள் மழுங்கும். தடித்த ரப்பர் அட்டையோ பழைய தோல்துண்டோ வையுங்கள். மேசையின் நடுவில் அடித்தால் பலகை துள்ளும், சத்தமும் கூடும்; மேசைக்கால் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே அடியுங்கள். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து கதவைத் தட்டிய பிறகு கற்றுக்கொண்டது இது.

நாலு தையலுக்கு ஒன்று நீளமாக, அல்லது குட்டையாக

முந்தைய வரிசையின் கடைசித் துளையில் பல்லுளியின் முதல் பல்லை இறக்கிவிட்டுத்தான் அடுத்ததை அடிக்க வேண்டும். கண்ணளவில் இடம் விட்டுத் தொடர்ந்தால் நாலுக்கு ஒன்று தப்பும். முதல் பல்லைத் துளையில் இறக்கியும் அதே குறை வருகிறதென்றால் கருவியையே சோதியுங்கள். ஒரு காகிதத்தில் கோடு போட்டு 20 செ.மீ. நீளத்துக்குக் குத்தி, ஸ்கேலை வைத்துப் பாருங்கள். மலிவான தொகுப்புகளில் இரண்டு பல் உளியின் இடைவெளியும் ஆறு பல் உளியின் இடைவெளியும் ஒன்றாக இல்லாததைப் பார்த்திருக்கிறேன். 4 மி.மீ. என்று எழுதியிருக்கும், எழுதியதை நம்பாமல் காகிதத்தை நம்புங்கள்.

கடைசித் தையல் மட்டும் அரைகுறையாக நிற்பது வேறு சங்கதி. 4 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 2 தான் மிச்சம் இருக்கிறது. முழு ஆழத்துக்கு அடிப்பதற்கு முன், உளியைக் கையால் அழுத்தித் தடம் மட்டும் பதித்துக்கொண்டே கடைசிவரை போய்ப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். குறைகிற 2 மி.மீ.யைக் கடைசி எட்டு இடைவெளிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் கால் மி.மீ.தான் குறையும். இரண்டு பல் உளியின் ஒரு பல்லைத் துளையின் விளிம்பில் சாய்த்து வைத்து இதைச் செய்யலாம். யார் கண்ணுக்கும் தெரியாது.

மூலைகளில் குழப்பம் வருபவர்கள் மூலைத் துளையை முதலில் குறித்துக்கொண்டு, இரு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கி வரட்டும். வளைவுகளுக்கு இரண்டு பல் உளிதான். ஆறு பல் உளியால் வளைவைக் குத்தினால் வளைவு பலகோணமாகிவிடும். வரி போட விலை உயர்ந்த கருவி வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரை 3 மி.மீ.க்குத் திறந்து, ஒரு காலை ஓரத்தில் உரசவிட்டு இழுத்தால் கோடு விழும். பேனா மட்டும் வேண்டாம். மை தோலுக்குள் இறங்கிவிட்டால் வெளியே வராது.

நூல் பாதியில் சிக்கி நகர மறுக்கிறது

இரண்டாவது ஊசி முதல் நூலின் உடலுக்குள்ளேயே குத்திப் போயிருக்கிறது. இழுக்காதீர்கள், இழுத்தால் புரி பிரிந்து அந்த இடம் பலமிழக்கும். ஊசியை வந்த வழியே பின்னால் தள்ளி எடுங்கள். மறுபடி நுழைக்கும்போது முதல் நூலை விறைப்பாகப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே நுழைத்துவிடுங்கள். நூல் அசைந்துகொண்டே இருந்தால் ஊசி அதைக் குத்தாது. குத்தினாலும் அசைவு நின்றுவிடுவதால் உடனே தெரிந்துவிடும்.

அடிக்கடி இப்படி ஆகிறதென்றால் ஊசியைப் பாருங்கள். தோல் தைக்கும் ஊசியின் முனை மழுங்கலாக இருக்க வேண்டும். துளை போடுவது பல்லுளியின் வேலை, ஊசியின் வேலை வழி நடப்பது மட்டும். வீட்டுத் துணி ஊசியால் தைப்பவர்கள் அதன் முனையை உப்புத்தாளில் நாலுமுறை தேய்த்து மழுங்கச் செய்துகொள்ளலாம்.

ஊசி துளைக்குள் போகவே இல்லை, அல்லது வளைந்து ஒடிகிறது

பெரும்பாலும் ஊசி அல்ல, ஊசிக் காதில் மடங்கியிருக்கும் நூல்தான் தடை. அங்கே நூல் இரட்டையாக இருக்கிறது. நூல் முனையின் கடைசி 3 செ.மீ.யைக் கத்தியின் முதுகால் சுரண்டி மெலிதாக்கி மெழுகு தேய்த்துக் கோத்தால் பருமன் குறையும். ஊசியின் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள், 0.8 மி.மீ. நூலுக்கு 4ஆம் எண் ஒத்துப்போகும்.

உளி முழுசாக இறங்காமல் பின்பக்கத்தில் வெறும் ஊசிமுனைத் துளையாக நிற்பது இன்னொரு காரணம். திருப்பிப் பார்த்துவிட்டுத் தைக்க உட்காருங்கள். மாறாக, தேவைக்கு மேல் ஆழமாக அடித்தால் பற்கள் மேலே போகப் போக அகலமாவதால் துளை வாய் பிளந்துவிடும். தைத்த பிறகும் நூலைச் சுற்றி ஓட்டை தெரியும்.

தோல் அடுக்குகளை ஒட்டும் சொல்யூஷன் காய்வதற்கு முன் குத்தியிருந்தால் பசை துளைக்குள் இழுபட்டு ஊசியைப் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரம் பொறுத்திருக்கலாம். குறடு பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் ஊசியின் போக்கிலேயே நேராக இழுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் காதுப் பக்கம் ஒடியும், ஒடிந்த துண்டு துளைக்குள்ளேயே தங்கும்.

நூல் பிசிறுகிறது, வெளுக்கிறது, நடுவில் முறுக்குக் கழல்கிறது

போகப் போக மோசமாகும் குறைகளில் இது முதன்மையானது. தைக்கும் நூலின் கடைசிப் பகுதி எல்லாத் துளைகளையும் உரசிக் கடந்து வர வேண்டியிருக்கிறது. 60 துளைகள் என்றால் முனைப்பகுதி 60 முறை உரசப்படும். அதனால் நூலை நீளமாக எடுக்காதீர்கள். இரு கைகளையும் விரித்த அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டாம். நீண்ட வரியை இரண்டு நூலில் தைப்பது இழுக்கல்ல.

லினன் நூல் வாங்கியிருந்தால் தேன்மெழுகு தேய்க்காமல் தொடங்கக் கூடாது. மெழுகுக் கட்டியின் மேல் நூலைக் கட்டைவிரலால் அழுத்தி இழுங்கள், இரண்டு முறை. பிறகு விரல்களுக்கிடையே வேகமாக உருவினால் சூட்டில் மெழுகு இழைக்குள் இறங்கும். மெழுகு மிகுந்தாலும் தொல்லை: துளைகளின் வாயில் வெள்ளைத் தூளாக உதிரும். முடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டைக் காட்டி, துணியால் துடைத்தால் மறையும். ஏற்கெனவே மெழுகு பூசி வரும் பாலியெஸ்டர் நூலுக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. தொடங்குபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். லினன் அழகுதான், ஆனால் முதல் ஐந்து உறைகளுக்கு அழகு காத்திருக்கட்டும்.

வெளிர்நிற நூல் கறுத்து வந்தால் உங்கள் விரலையும் தோலின் சாயத்தையும் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்துத் தோலில் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஒட்டினால் அந்தத் தோலுக்கு வெள்ளை நூல் வேண்டாம்.

தையல்வரி நெடுகத் தோல் சுருங்கி நெளிகிறது

இழுப்பு அதிகம். பாவாடை நாடா போலத் தோலை இழுத்துக் கட்டுவது தையலின் நோக்கம் அல்ல. நூல் தோலின் மேல் படிந்து, சற்றே அழுந்தியதும் நிறுத்திவிட வேண்டும். இரு கையும் ஒரே அளவில் இழுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வலக்கைக்காரர்களுக்கு வலக்கை கூடுதலாக இழுக்கும். அந்தப் பக்கத் தையல் புதைந்தும் மறுபக்கத் தையல் எழும்பியும் நிற்கும்.

மென்மையான தோலில் இந்தக் குறை இரட்டிப்பாகும். இங்கே தோலின் வகை பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னையில் தோல் வாங்கப் பெரியமேட்டுக்குப் போனால் இரண்டு பெரிய குடும்பங்கள் கிடைக்கும். ஒன்று குரோம் உப்பில் பதனிட்டது. மென்மையானது, இழுத்தால் நீளும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் காலணிக்கும் கைப்பைக்கும் பெரும்பாலும் இதுதான். மற்றது தாவரப் பட்டைகளில் பதனிட்டது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடும் தென்னகத்துத் தோலுக்கு வியாபாரிகள் இன்றும் ‘ஈ.ஐ.’ என்றே பெயர் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து ஏற்றுமதியில் ‘ஈஸ்ட் இந்தியா’ என்று ஒட்டிக்கொண்ட பெயர். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு இதற்குப் பெயர்பெற்றவை. வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: நடுவில் வெளிர்நீலச் சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டது.

கைத்தையல் பழக விறைப்பான பட்டைத் தோலே நல்லது. துளை போட்ட வடிவத்தில் நிற்கும், இழுப்பின் தவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கைப்பைக்கான மென்தோலை எடுத்து வந்து முதல் நாளே தைத்து, அது நெளிந்துபோய் மனமுடைந்தவர்களை அறிவேன். குறை அவர்கள் கையில் இல்லை. மென்தோலில்தான் தைக்க வேண்டுமென்றால் உள்ளே மெல்லிய விறைப்புத் துணியை ஒட்டி, நூலையும் ஒரு படி மெலிதாக்குங்கள்.

நெளிந்ததை மீட்க முடியுமா? பட்டைத் தோலென்றால் ஓரளவு முடியும். நூல் முழுதாக இறுகிப்போகவில்லை என்றால், வரியைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிப் படியவைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வையுங்கள்.

துளைகள் கிழிந்து ஒன்றோடொன்று சேர்கின்றன

தபால் தலைகளைப் பிரிப்பதற்கு வரிசையாகத் துளைபோட்டிருப்பார்கள் அல்லவா, அதையே தோலில் செய்திருக்கிறீர்கள். 3 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. நூலைப் போட்டால் துளைக்கும் துளைக்கும் நடுவில் தோல் மிஞ்சாது. 3க்கு 0.5 மி.மீ. வாக்கில், 4க்கு 0.6 முதல் 0.8 வரை, 5க்கு 0.8 முதல் 1 வரை. வரியே ஓரத்துக்கு மிக நெருக்கமாக இருந்தால் வெளிப்பக்கமாகக் கிழியும், 2 மி.மீ.க்குள் போகாதீர்கள்.

கிழிந்ததை ஒட்டி மீட்க முயல்வது வீண். அந்த ஓரத்தை முழுதாக வெட்டி எறிந்துவிட்டு, உறையை 4 மி.மீ. சிறிதாக்கி மறுபடி துளையிடுங்கள். அட்டை நுழைய இடமிருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

துளையைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள்

இதைக் கண்டு தோல் அழுகிவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு. அழுகவில்லை. பட்டைத் தோலில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுக்கும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேலை உங்கள் மேசையில் நடந்திருக்கிறது. தோலை நனைத்துவிட்டுத் துருப்பிடித்த குத்தூசியால் குத்தியிருப்பீர்கள். அல்லது உளியை உப்புத்தாளில் தீட்டிவிட்டுத் துடைக்காமல் இறக்கியிருப்பீர்கள். பல்லில் ஒட்டிய இரும்புத்தூளே போதும். வியர்த்த கையும் ஈரம்தான். சித்திரை வெயிலில் தைப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

எலுமிச்சைச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டுப் புள்ளியின் மேல் மட்டும் ஒற்றுங்கள். சில நிமிடங்களில் வெளிறத் தொடங்கும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் அந்தப் பகுதி முழுவதையும் துடையுங்கள். புள்ளியை மட்டும் துடைத்தால் அதைச் சுற்றி ஈர வட்டம் படிந்துவிடும். முழுக்கப் போகாமல் சாம்பலாக நிற்கும் புள்ளிகளும் இருக்கும். அந்த உறையைக் கரும்பழுப்பில் சாயமேற்றிவிடுவதே உத்தமம். இனிமேல் உளியின் பற்களைத் தேன்மெழுகில் ஒருமுறை இறக்கி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இரும்பு தோலைத் தொடாது, உளியும் தோலில் சிக்காமல் எளிதாக வெளிவரும்.

குரோம் தோலில் இந்தக் கறுப்பு பெரும்பாலும் வராது. அங்கே புள்ளி தெரிந்தால் அது வெறும் அழுக்காக இருக்கலாம்.

வரி முடிவதற்குள் நூல் தீர்ந்துவிட்டது

தையல்வரியின் நீளத்தைப் போல நாலு மடங்கு, அதோடு ஊசி பிடிக்க 40 செ.மீ. 24 செ.மீ. வரிக்கு 96ம் 40ம் சேர்த்து 136 செ.மீ. தோல் தடித்தால் ஐந்து மடங்காக்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு துளையிலும் தடிமனைக் கடக்கவே நூல் செலவாகிறது.

தீர்ந்துவிட்ட பிறகு என்ன செய்வது? பழைய நூலை இரண்டு துளை பின்னோக்கித் தைத்து நறுக்குங்கள். புதிய நூலை அதே இரண்டு துளைகளுக்கும் ஒரு துளை முன்பிருந்தே தொடங்கி, பழையதன் மேலேயே தைத்துக்கொண்டு முன்னேறுங்கள். அந்த மூன்று தையல்கள் சற்றுப் பருத்துத் தெரியும். மடிப்புக்குப் பக்கத்திலோ அடிப்பக்கத்திலோ இந்த இணைப்பு விழும்படி பார்த்துக்கொள்ளலாம். முகப்பின் நடுவில் விழுந்தால் எனக்குப் பிரித்துவிடத் தோன்றும், உங்களுக்கு எப்படியோ.

தைத்து முடித்த முனை ஒரு மாதத்தில் அவிழ்கிறது

முடிச்சுப் போட்டிருப்பீர்கள். சேணத் தையலை முடிக்க முடிச்சு வேண்டாம். பின்னோக்கி இரண்டு தையல், வாய்பிளந்து இழுபடும் இடமென்றால் மூன்று. இரு முனையும் பின்பக்கத்தில் வெளிவரும்படி கடைசித் தையலில் ஓர் ஊசியை மட்டும் கூடுதலாக ஒருமுறை கொண்டுவாருங்கள்.

பாலியெஸ்டர் நூலென்றால் 2 மி.மீ. விட்டு நறுக்கி, நெருப்பைக் கிட்டே கொண்டுபோய் உருகியதும் நெருப்புப் பெட்டியின் பக்கவாட்டால் அழுத்திவிடுங்கள். தீயை நூலின் மேல் நேராகப் பிடித்தால் கறுத்த உருண்டை வரும், தோலும் கருகும். சுடரின் நீலப் பகுதியைப் பக்கவாட்டில் காட்டினால் போதும். அகர்பத்தியின் கங்கு இதற்கு இன்னும் வசதி. ஓரிடத்தில் மட்டும் சூடு விழும். லினன் நூல் உருகாது, எரியும். அதை ஒட்ட நறுக்கி, ஒரு துளி வெள்ளைப் பசையைக் குத்தூசி முனையால் துளைக்குள் தள்ளிவிட்டு, உலரும்வரை உறையைத் திறக்காமல் வையுங்கள்.